எலெக்ட்ரிக் கிடாரில் சத்தம் பாதியாக இறங்குகிறது, கரகரக்கிறது: எங்கே தேடுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரிக் கிடார். ட்யூனர், ஓவர்டிரைவ் (ஒலியை முரடாக்குவது), டிலே (எதிரொலி தருவது) என்று மூன்று பெடல், அதாவது காலால் அழுத்தி இயக்கும் பெட்டிகள், மூன்றும் ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபையருக்கு) முன்னால். 15 வாட் வால்வ் ஆம்ப், அதாவது ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது. வாசிக்க ஆரம்பித்து இருபது நிமிடத்தில் சத்தம் பாதியாக இறங்கிவிடுகிறது. ஓங்கி ஒரு கார்டு அடித்தால் சில சமயம் சட்டென்று பழையபடி வருகிறது. நடுநடுவே கரகரப்பு, வால்யூம் குமிழைத் திருகினால் இன்னும் மோசம். கேபிளை மாற்றியாயிற்று, கம்பியை மாற்றியாயிற்று. கடையில் கேட்டால் "வால்வ் எல்லாம் மாத்தணும், பிக்கப்பையும் மாத்திடுங்க" என்கிறார்கள். (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்.)

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். சத்தம் இறங்குவது ஒரு நோய், குமிழ் கரகரப்பது இன்னொரு நோய் என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டதால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பதில்தான் பலருக்குப் பணம் கரைகிறது.

நீங்கள் எழுதியதிலேயே பெரிய துப்பு இருக்கிறது: ஓங்கி அடித்தால் திரும்பி வருகிறது. தேய்ந்த வால்வ் அப்படி நடந்துகொள்ளாது. அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கும், நீங்கள் ஓங்கி அடித்தாலும் வருடிக் கொடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். ஓர் அடியில் உயிர் வருகிறது என்றால் எங்கோ இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. ஃபேன் மாட்ட வருகிறவர் முதல் டிவி மெக்கானிக் வரை எல்லோரும் சொல்கிற அதே 'லூஸ் காண்டாக்ட்'தான். உலோகத்தின் மேல் காற்றும் ஈரமும் சேர்ந்து மெல்லிய படலம் கட்டுகிறது. உங்கள் பிக்கப்பிலிருந்து வருவதோ சில நூறு மில்லிவோல்ட். மெல்ல வாசிக்கும்போது அந்தப் படலத்தைத் தாண்ட அதற்கு வலு போதாது. ஓங்கி அடிக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் ஏறும், படலம் ஓரிடத்தில் உடையும், வழி திறக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

அந்த இடம் எது? என் கை முதலில் போவது ஆம்ப்பின் பின்பக்கம், 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று எழுதியிருக்கும் எஃபெக்ட்ஸ் லூப் துளைகளுக்கு, அதாவது ஆம்ப்பின் நடுவே பெடலைச் சேர்க்கிற ஜாக்குகளுக்கு. "நான் அதை உபயோகிப்பதே இல்லையே" என்பீர்கள். உபயோகிக்காததுதான் கோளாறே. லூப்பில் எதுவும் செருகாதபோது ப்ரீஆம்ப்பிலிருந்து (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) பவர் ஆம்ப்புக்கு (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி) போகிற மொத்த சிக்னலும் அந்த ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகட்டின் வழியாகத்தான் போகிறது. பிளக்கைச் செருகினால் தகடு விலகும், எடுத்தால் ஒட்டும். அடிக்கடி செருகி எடுக்கிற ஜாக்கில் அந்த உரசலே தகட்டைத் துடைத்துவிடும். வருடக்கணக்கில் யாரும் தொடாத ஜாக்கில் படலம் கட்டிக்கொண்டே போகும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். சத்தம் இறங்கும் வரை வாசியுங்கள். இறங்கியதும், பெடல்களை இணைக்கிற குட்டி கேபிள் ஒன்றை எடுத்து சென்ட்டில் ஒரு முனை, ரிட்டர்னில் மறுமுனை செருகுங்கள். முதலில் ஆம்ப்பின் மாஸ்டர் வால்யூமைக் குறைத்துவிட்டுச் செருகுங்கள், இல்லாவிட்டால் 'டப்' என்ற சத்தத்தில் வீடே அதிரும். பிறகு மாஸ்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வாசித்துப் பாருங்கள். முழுச் சத்தமும் நிலையாக நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். குட்டி கேபிள் அந்தத் தகட்டைச் சுற்றிக்கொண்டு மாற்றுப்பாதை போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இதை இத்தனை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் நானே பட்ட பாடு. தூத்துக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த காலம். உப்புக் காற்று எங்கள் ஊரில் இரும்பு கேட்டையே விடாது, ஜாக்கை விடுமா? இதே அறிகுறிதான். ஒரு மெக்கானிக் சொன்னார் என்று ப்ரீஆம்ப் வால்வ் மூன்றையும் மாற்றினேன், பிறகு பவர் வால்வ் இரண்டையும் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஆம்ப்பை வண்டியில் தூக்கிக்கொண்டு போய்க் கொண்டுவந்த குலுக்கலில் தகடு சற்று நகர்ந்திருக்கும், அதுதான் அந்த ஒரு வாரம். ஒரு கல்யாண வீட்டில் பாதிப் பாட்டில் சத்தம் போய், கீபோர்டு வாசித்த அண்ணன் எழுந்து வந்து பின்னால் குட்டி கேபிளைச் செருகிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கேபிளை அப்படியே விட்டுவிட்டு இரண்டு வருடம் வாசித்தேன் என்பது தனிக் கதை.

நீங்கள் அப்படிச் செய்யாமல் சுத்தம் செய்துவிடுங்கள். ஆம்ப்பை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கான்டாக்ட் கிளீனரை ஒரு பிளக்கின் மேல் லேசாக அடித்து, ரிட்டர்ன் ஜாக்கில் இருபது முப்பது முறை செருகி எடுங்கள். சென்ட்டிலும் அப்படியே. ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம், அது எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும், தூசி ஒட்டும். அதே பெயரில் கான்டாக்ட் கிளீனர் என்று தனி டின் வருகிறது, அது சரி. டீஆக்சிட் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவே கூடாது. முலாம் போய்விட்டால் அடியிலிருக்கும் உலோகம் இன்னும் வேகமாகக் கறுக்கும்.

எல்லா ஆம்ப்பிலும் லூப் கிடையாது, ஃபெண்டர் கம்பெனியின் பழைய ஆம்ப் வடிவமைப்புகளில் பெரும்பாலும் இல்லை. உங்களுடையதில் இல்லாவிட்டாலோ, குட்டி கேபிள் செருகியும் ஒன்றும் மாறாவிட்டாலோ, சங்கிலியை வெட்ட வேண்டியதுதான். கிடார், ஒரே ஒரு கேபிள், ஆம்ப். பெடல் எதுவும் வேண்டாம். இதே நிலையில் அரை மணி நேரம் வாசியுங்கள். சத்தம் இறங்கவில்லை என்றால் கோளாறு பெடல் பக்கம். இறங்கினால் கிடாரிலோ ஆம்ப்பிலோ இருக்கிறது. நண்பருடைய கிடாரைச் செருகிப் பார்த்தால் அதுவும் பிரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கேபிளையும் பெடலையும் அடாப்டரையும் சேர்த்து மாற்றி, சரியாகிவிட்டது என்று நிம்மதியாகிறவர்களுக்கு அடுத்த மாதம் அதே தொல்லை திரும்பும், அப்போதும் எது காரணம் என்று தெரியாது.

இனி கரகரப்பு. வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அநேகமாக உள்ளே அழுக்கு. குமிழுக்கு அடியில் இருப்பது 'பாட்' (பொட்டென்ஷியோமீட்டர்). அதற்குள் குதிரை லாட வடிவில் ஒரு கரித்தடம், அதன்மேல் ஒரு உலோகக் கை ஊர்கிறது. தூசி விழுந்தால் கை துள்ளும், துள்ளல் கரகரப்பாகக் கேட்கும். பிக்கார்டை (கம்பிகளுக்கு அடியில் உடலை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டை) கழற்றி, பாட்டின் மூன்று கால்களுக்கு மேலே தெரியும் இடைவெளியில் கிளீனரை அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது முறை திருகுங்கள். பத்தில் எட்டு அதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் புது பாட்: ஒற்றைச் சுருள் பிக்கப் கிடாருக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500 கிலோ ஓம். சென்னைக்காரர் என்றால் ரிச்சி தெருவில் ஒரு சுற்றுப் போதும். பாட்டின் தண்டு உங்கள் குமிழுக்குப் பொருந்துகிறதா என்று கையோடு பழையதைக் கொண்டுபோய்ப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் புது பாட் போட்டும் கரகரக்கிறது என்று சிலர் வருவார்கள். அங்கேதான் விஷயம் சுவாரசியம். சாதாரண பேட்டரி இல்லாத கிடாரில் டி.சி. மின்சாரம் என்பதே கிடையாது, பிக்கப் தருவது ஏ.சி. மட்டும். கிடாருக்கு அடுத்து நிற்கும் பெடலின் வாசலில் டி.சி.யைத் தடுத்து நிற்கும் கெப்பாசிட்டர் கசிந்தால், பெடலுக்குள்ளிருந்து டி.சி. பின்னோக்கி ஏறிவந்து உங்கள் வால்யூம் பாட்டில் உட்காரும். ஆம்ப்பின் முதல் வால்வ் கெட்டாலும் இதே கதை. அப்போது பாட் எத்தனை புதிதாக இருந்தாலும் கரகரக்கும். குற்றம் பாட்டில் இல்லை. பெடலை எடுத்துவிட்டு நேராக ஆம்ப்பில் செருகிக் குமிழைத் திருகுங்கள். மௌனமாகிவிட்டால் பெடல்தான். அப்போதும் கரகரத்தால் ஆம்ப்பின் முதல் வால்வை மட்டும் மாற்றிப் பாருங்கள், எல்லாவற்றையும் அல்ல. ஆம்ப்பின் குமிழ்களுக்கும் இது பொருந்தும்: எத்தனை கிளீனர் அடித்தாலும் ஒரு குறிப்பிட்ட குமிழ் மட்டும் அடங்கவே மாட்டேன் என்றால் அதற்கு முன்னாலிருக்கும் கெப்பாசிட்டர் கசிந்துகொண்டிருக்கலாம்.

பிக்கப்பை மாற்றச் சொன்னார்களே, அதற்கு முன் 300 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றை எடுங்கள். கிடாரில் கேபிளைச் செருகுங்கள், மறுமுனையின் நுனியில் ஒரு ஊசி, அடித்தண்டில் ஒரு ஊசி. மீட்டர் 20 கிலோ ஓம் அளவில், கிடார் வால்யூம் முழுசாக. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தனிப் பிக்கப் ஒவ்வொன்றும் 5.5 முதல் 7 கிலோ ஓமுக்குள் காட்டும். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கிற ஸ்விட்சின் இரண்டாம், நான்காம் இடங்களில் இரண்டு பிக்கப் இணையாக வருவதால் கிட்டத்தட்ட பாதி, 3 கிலோ ஓம் அருகே. ஹம்பக்கர் என்றால் 7, 8-இல் ஆரம்பித்துச் சத்தம் கூடுதலாகத் தரும் ரகங்களில் 15 வரை போகும். மீட்டர் அளவு தாண்டிவிட்டது என்று காட்டினால், மேல் அளவுக்கு மாற்றிப் பாருங்கள். 250 கிலோ ஓம் அருகே நின்றால் பிக்கப்பின் சுருள் அறுந்திருக்கிறது. நீங்கள் அளப்பது வெறும் வால்யூம் பாட்டை. அறுந்த பிக்கப் முழு ஊமையாகிவிடாது. மெலிந்த, தகரத்தில் தட்டுகிற மாதிரிக் குரலில் பேசும், அதனால்தான் அது செத்துவிட்டது என்று யாருக்கும் தோன்றாது. அந்தச் சுருளின் செம்புக் கம்பி 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. அதை எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றியிருப்பார்கள். வியர்வை இறங்கி ஒரே ஓரிடத்தில் பச்சை பூத்தாலும் போதும்.

மீட்டர் கையில் இருக்கும்போதே கேபிளையும் ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் கேபிள் அல்லது கிடாரின் ஜாக். கேபிளை மட்டும் தனியாக அளந்தால் நுனிக்கு நுனி ஒரு ஓமுக்குள் வர வேண்டும். நுனிக்கும் அடித்தண்டுக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது.

கிடாரின் ஜாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், சங்கிலியில் அதிகம் அடிவாங்குவது அதுதான். 6.35 மில்லிமீட்டர் பிளக், 19ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செருகிப் பிடுங்கிய அதே பிளக்கின் வாரிசு. மேஜையில் அசையாமல் இருப்பதற்கு வந்ததை நாம் தோளில் மாட்டிக் குதிக்கிறோம். ஜாக்கின் நட்டு முதலில் தளரும், ஜாக் முழுதும் சுழல ஆரம்பிக்கும், உள்ளே ஒயர் முறுக்கி அறும். நட்டை இறுக்கும்போது பின்னாலிருந்து ஜாக்கை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறுக்குவதிலேயே அறுத்துவிடுவீர்கள். நுனியைப் பிடிக்கிற வளைந்த தகடு தளர்ந்திருந்தால் அதை விரலால் சற்றே உள்பக்கம் வளைத்து விடலாம். இந்த ஒரு வேலை, நான் பார்த்த கரகரப்புகளில் கால்வாசியையாவது தீர்த்திருக்கிறது.

பெடல் பக்கம் என்று தெரிந்தால், சந்தேகத்துக்குரிய முதல் ஆள் பெடல்கூட இல்லை, பெடல்களை இணைக்கிற அந்தக் குட்டி கேபிள்கள். அச்சில் வார்த்த பிளக் உள்ளவை திறந்து சால்டர் வைக்க முடியாதவை, கெட்டால் எறிய வேண்டியதுதான். அடுத்தது மின்சாரம். ட்யூனருக்கும் டிலேக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து மாலைபோல் கோத்த ஒயர் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓவர்டிரைவ் இழுப்பது பத்து இருபது மில்லிஆம்பியர், டிஜிட்டல் டிலே சில சமயம் நூற்றுக்கு மேலும் கேட்கும். அடாப்டரால் முடியாவிட்டால் வோல்டேஜ் தொங்கும், சத்தமும் கூடவே தொங்கும். டிஜிட்டல் பெடலின் கீச்சுச் சத்தம் அதே ஒயர் வழியாக ஓவர்டிரைவுக்குள் ஏறி, அங்கே பெருக்கப்பட்டு வெளியே வரும். ஓவர்டிரைவை மட்டும் புது 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புதுப் பேட்டரி மீட்டரில் ஒன்பதரை அருகே காட்டும். பாஸ் (Boss) கம்பெனியின் பழைய பெடல்கள் சிலவற்றின் அடியில் ஏ.சி.ஏ. அடாப்டர் என்று எழுதியிருக்கும். அவை 12 வோல்ட்டுக்காகச் செய்தவை, இன்றைய 9 வோல்ட் அடாப்டரைத் தனியாக மாட்டினால் விளக்கு மங்கி, எஃபெக்ட்டும் சோர்ந்துவிடும். பெடலைக் கெட்டுப்போனதாக நினைத்துப் பாதி விலைக்கு விற்றவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒன்றை வாங்கியவன் நான்.

சத்தம் குறையவில்லை, 'பளபளப்பு' மட்டும் குறைகிறது என்றால் அது கோளாறே இல்லாமல் இருக்கலாம். கேபிளின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது, அது கீச்சான ஒலிகளை விழுங்கும். 3 மீட்டர் கேபிளில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் மிகப் பளிச்சென்று ஒலிக்கும் அதிர்வெண் 5 கிலோஹெர்ட்ஸ் அருகே இருந்தால், 6 மீட்டரில் 4-க்குக் கீழே வந்துவிடும். காது அதைச் 'சத்தம் குறைந்தது' என்றே எடுத்துக்கொள்ளும். பஃபர் (நீண்ட கேபிளைத் தாங்கும்படி சிக்னலுக்கு வலுக்கொடுக்கும் சுற்று) உள்ள ஒரு பெடலை முன்னால் வைத்தால் பிரச்சினை போய்விடும்.

இருபது நிமிடம் கழித்து என்று சொன்னீர்கள், அதையும் விட்டுவிடக் கூடாது. சூடேறினால் உலோகம் விரியும். ஆம்ப்புக்குள் எங்காவது 'ட்ரை சால்டர்' இருந்தால், அதாவது ஈயம் ஒட்டாமல் வெறுமே உட்கார்ந்திருந்தால், ஆறிய நிலையில் தொட்டுக்கொண்டிருந்தது சூட்டில் விலகும். வால்வ் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தாலும் இப்படித்தான். ஆம்ப் ஓடும்போது ஒரு பென்சிலின் மரப்பக்கத்தால் சின்ன வால்வ்களை மெல்லத் தட்டுங்கள். லேசாக 'டிங்' என்றால் இயல்பு. தட்டியதும் வெடித்துக் கரகரத்தாலோ சத்தம் ஏறி இறங்கினாலோ அந்த வால்வ் அல்லது அதன் சாக்கெட். அடுப்பில் மீன் பொரிகிற மாதிரிச் சத்தம், நீங்கள் வாசிக்காதபோதும் தானாகக் கேட்டால், ப்ரீஆம்ப்பின் 100 கிலோ ஓம் ப்ளேட் ரெசிஸ்டர்களைச் சந்தேகிக்கலாம், பழைய கரிக் கலவை ரெசிஸ்டர்களுக்கு இது வயதுக் கோளாறு. ஆனால் அதை நீங்கள் மாற்றக் கூடாது. வால்வ் ஆம்ப்புக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். பின்பக்கத் தகடு, ஜாக்குகள், வெளியே தெரியும் வால்வ்கள் வரைதான் உங்கள் எல்லை. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதன் விலைக்கு ஒரு நல்ல பெடலே வாங்கலாம்.

எர்த்தைப் பற்றியும் கேட்காமலேயே சொல்கிறேன். கம்பியைத் தொட்டால் 'ம்ம்' என்ற ஹம் குறைவது இயல்பு. தொட்டால் கூடுகிறது என்றால் கிடாரின் பிரிட்ஜுக்கு (கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதிக்கு) போகும் எர்த் ஒயரோ கட்டடத்தின் எர்த்தோ சரியில்லை. ஹம்மைக் குறைக்கப் பவர் பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, உடைத்து எடுக்கிற பழக்கம் இன்னும் சில மேடைகளில் இருக்கிறது. 1972-இல் வேல்ஸின் ஸ்வான்சியில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, ஒரு கையில் கிடார் கம்பியும் மறு கையில் எர்த் இல்லாத மைக்குமாக மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் அந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்துங்கள்.

இதெல்லாம் பார்த்தும் ஆகவில்லை என்றால் ஆம்ப் மெக்கானிக்கிடம் போங்கள். "சத்தம் வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நேராகச் செருகினாலும் இருபது நிமிடத்தில் பாதியாகிறது, லூப்பில் குட்டி கேபிள் போட்டுப் பார்த்தாயிற்று, வேறு கிடாரிலும் அதேதான், இரண்டாவது வால்வைத் தட்டினால் ஏறி இறங்குகிறது" என்று நீங்கள் கண்டதை அப்படியே சொல்லுங்கள். எழுதிக்கூடக் கொடுக்கலாம். உங்கள் முன்னாலேயே ஆம்ப்பை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கச் சொல்லுங்கள். ஆறிய ஆம்ப்பைத் திறந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று மூடித் திருப்பிக் கொடுத்தால், வண்டிச் செலவு உங்களுடையது.